முக்கால் மரை

முள்ளித்தருவை என்கிற ஊர் முதல் தடவையாகத் திரும்பியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில், தெக்குத் தெரு ஜெயசிங் பட்டறையில், ஒரு கார் ஆல்டர்னேட்டரின் புல்லி நட்டைக் கழற்றும்போது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கென்ன, அவர்கள் ஊர் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, படுத்து எழுந்தால் அதே ஜன்னலில் அதே வெயில் விழுகிறது. ஒரு வாரம் முள்ளித்தருவையில் வந்து குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

அந்த ஆல்டர்னேட்டர், கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் நின்றுபோன ஒரு பழைய வெள்ளைக் காருடையது. எஞ்சின் ஓட ஓட பேட்டரிக்குக் கரண்டு ஊட்டுகிற சாமான் அது. உள்ளே பேரிங் போய்விட்டது. பேரிங்கை மாற்ற வேண்டுமானால் முகப்பில் இருக்கிற, பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியைக் கழற்ற வேண்டும், புல்லியைக் கழற்ற வேண்டுமானால் அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற நட்டைக் கழற்ற வேண்டும். கார்க்காரர் பத்து நாளில் வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனார். சொன்னபடி வந்தும் பார்த்தார், பாவம், தெரு இருந்த இடத்தில் ஐஸ் பாக்டரிச் சுவர் இருப்பதைப் பார்த்து, "என்னய்யா, ஊரை வச்ச இடத்துல காணோம்!" என்று போன் போட்டுக் கத்திவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனவர்தான், கார் இன்னும் பட்டறை முற்றத்தில் நிற்கிறது.

புல்லி நட்டில் ஒரு வம்பு உண்டு. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் நட்டு கழலாது, அது ஏறியிருக்கிற தண்டும் சேர்ந்து சுற்றும், நாள் பூராவும் திருப்பினாலும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஒருத்தர் திருப்ப வேண்டும், ஒருத்தர் புல்லி சுற்றாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டறையில் திருப்புகிறவன் ஜெயசிங், பிடிக்கிறவள் அவன் பெண்டாட்டி அருள்கனி. பழைய ஃபேன் பெல்ட்டைப் புல்லிப் பள்ளத்தில் சுற்றி, இரண்டு முனையையும் முன்கையில் இறுக்கிக்கொண்டு, ஒரு காலை பெஞ்சுக் காலில் முட்டுக் கொடுத்து அவள் நின்றாளானால் யானை வந்து இழுத்தாலும் அந்தப் புல்லி அசையாது. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம், பதிமூன்று வருஷமும் இதே வேலை.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், இழுங்க."

"தேங்காண்ணெய ஊத்தியாச்சு, ஒரு ராத்திரி டீசல்ல ஊறவும் போட்டாச்சு, இன்னும் அசைவேனாங்குதே சனியன்," என்று ஜெயசிங் இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரின் வாலில் நாலடிப் பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்து, வயிற்றை எக்கி ஒரு இழுப்பு இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். நட்டு கால் சுற்று இடப்பக்கமாகத் திரும்பியது.

பெஞ்சு மேல் விழுந்துகொண்டிருந்த வெயில் காணாமல் போயிற்று. எந்தக் காலத்திலும் வெயில் பார்க்காத வடக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து, சுவரில் தொங்கிய ஸ்பேனர்களின் மேல் விழுந்தது. வாசலில் நின்று பார்த்தால் லாரிகள் போகிற நெடுஞ்சாலை தெரிய வேண்டும். அங்கே உப்பளம் வெள்ளையாக விரிந்து கிடந்தது. கடல் காற்று கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளே வந்து, அடுப்படியைத் தாண்டி, பட்டறைக்குள் நுழைந்து, கரண்டு பில்லைப் பறக்கடித்துவிட்டுப் போயிற்று.

"ஏங்க," என்றாள் அருள்கனி. பெல்ட்டை அவள் இன்னும் விடவில்லை. "நட்டு மட்டும் திரும்பல. ஊரும் திரும்பிட்டு."

ஜெயசிங் வாசலுக்குப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான், தலையைச் சொறிந்தான். "ஆமா," என்றான்.

"முடுக்கிருங்க. பழையபடி இருந்த இடத்துக்கே முடுக்கிருங்க."

"உனக்கு கிறுக்கா பிடிச்சிருக்கு? கழண்ட நட்ட எவனாவது திருப்பி முடுக்குவானாட்டி? துரு மரைக்குள்ள போயி கவ்விக்கிட்டா பெறவு அந்த ஆண்டவனே எறங்கி வந்தாலும் ஆட்ட முடியாது. இன்னும் முக்கா சுத்து கழத்துவோம். முழுச் சுத்து வந்தா ஊரு பழைய எடத்துக்கே வந்துருமில்லா?"

எந்த மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வான். அதனால் அவள் மறுபடி பிடித்தாள், அவன் மறுபடி இழுத்தான். வழக்கமாக ஒரு நட்டு முதல் இழுப்புக்குத்தான் முறைக்கும், அப்புறம் கையாலேயே சுழற்றி எடுத்துவிடலாம். இது ஒவ்வொரு கால் சுற்றுக்கும் முதல் இழுப்பு மாதிரியே முறைத்தது. அப்படி முறைக்காதா பின்னே, ஒரு ஊரையே அல்லவா இழுக்கிறான்! மூன்று இழுப்பில் ஊர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து, வெயில் மறுபடி பெஞ்சு மேல் விழுந்தது. ஜெயசிங் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

சாயங்காலம் அருள்கனி கிணற்றில் வாளியை இறக்கினாள். முந்தின நாள் வரை தண்ணீரைத் தொட்ட கயிறு, அன்றைக்குத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்தது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள்ளேயே பார்த்தபடி நின்றாள். ஒரு நட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அதே இடத்துக்கு வருவதில்லை, ஒரு மரை மேலே வந்துவிடுகிறது. மரை என்றால் நட்டின் வயிற்றில் திருகலாக ஓடுகிற பள்ளம், அந்தப் பிடிமானத்தில்தான் நட்டு தண்டில் நிற்கிறது. இதெல்லாம் பெல்ட்டைப் பிடிக்கிறவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஊர் பழைய திசைக்குத் திரும்பியது மெய்தான். ஆனால் ஒரு சாண் மேலே வந்திருக்கிறது. அன்றைக்கு அவள் வயிற்றில் உட்கார்ந்த பயம் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு நாழிகை ஆகவில்லை. ஏன் இப்படி ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று யாரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, நடந்தது நடந்துவிட்டது, இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் ஊர் யோசித்தது. ஐஸ் பாக்டரி வைத்திருக்கிற காசிலிங்கம் அண்ணாச்சிதான் ஊர்க் கமிட்டித் தலைவர். அவர் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டுப் பேசினார்.

"கடல் ஒரு பக்கந்தான் இருக்கு, தெரு நாலு இருக்கு. எங்க தாத்தா காலத்துல இருந்து கீழத்தெருக்காரன் மட்டும் கடக்காத்து வாங்குதான். மேலத்தெருக்காரன் ஹைவே புழுதியையும் மீன்தூள் கம்பெனி நாத்தத்தையும் முழுங்கிட்டுக் கெடக்கான். இது நியாயமா? இனிமே சனிக்கெழம தோறும் சிங்கு தம்பி கால் சுத்து திருப்பட்டும். வாரத்துக்கு ஒரு தெரு கடலப் பாக்கட்டும்."

கீழத்தெருக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள். மூன்று தெரு கை தட்டும்போது ஒரு தெருவின் முணுமுணுப்பு யார் காதில் விழும்?

அப்படித்தான் காற்று முறை வந்தது. வந்த வேகத்தில் பழகியும் போயிற்று. பள்ளிவாசல் மோதினார் சனிக்கிழமை தோறும் திசைகாட்டியை வைத்துப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் புதுக் கோடு போட்டார், தொழுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றார்கள், அவ்வளவுதான். அம்மன் கோயில் பூசாரி, "அவளுக்கு நாலு திசையும் சொந்தம், எங்க வேணாலும் பாப்பா," என்று சொல்லிவிட்டார். கல்யாணப் பத்திரிகையில், மணமகன் இல்லம் வடக்குத் தெரு, அந்த வாரம் தெற்கே, என்று அச்சடித்தார்கள். வாஸ்து பார்க்கிறவர் ஒருத்தர் திருநெல்வேலியிலிருந்து வந்து, நாலு மூலையும் சுற்றிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சூரியன் எங்கே உதிக்கும் என்று வாத்தியார் கேட்டதற்கு, அருள்கனியின் மகள் பிளசி எழுந்து நின்று, "எந்த வாரம் சார்?" என்று கேட்டாளாம். பதினோரு வயசுப் பிள்ளை, சரியாகத்தானே கேட்டிருக்கிறாள்.

நல்லதும் நடந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. மேலத்தெரு மாரித்தங்கத்தின் கைப்பிள்ளைக்கு மூச்சிறைப்பு. மீன்தூள் கம்பெனிப் புகை வந்தால் போதும், பிள்ளை நெஞ்சு குழி விழ இழுக்கும். பெற்றவள் விடிய விடிய தோளில் போட்டு நடப்பாள். அவள் தெரு கடலைப் பார்த்த முதல் வாரம் பிள்ளை அயர்ந்து தூங்கிற்று. மாரித்தங்கம் பட்டறைக்கு ஓடிவந்து அருள்கனியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எக்கா, இந்தக் கை நல்லாருக்கணும் எக்கா," என்று அழுதாள். பெல்ட் அறுத்துக் காய்த்துப்போன கை அது. அருள்கனியும் அழுதாள்.

ஆனால் மாதம் ஒரு சாண் ஊர் மேலே வந்துகொண்டே இருந்தது. ஊர் எல்லையில் நெடுஞ்சாலையும் தெருவும் சேருகிற இடத்தில் முதலில் ஒரு படி முளைத்தது. பஸ் ஏறும்போது டொக்கென்று தூக்கிப் போட்டது. அப்புறம் அது முழங்கால் உயரம் ஆயிற்று, பஸ் வெளியிலேயே நின்றுவிட்டது. பஞ்சாயத்தில் சரிவாக மண்ணடித்து சிமெண்டு பூசினார்கள், அடுத்த மாதம் அதன் மேல் இன்னும் கொஞ்சம் பூசினார்கள். இடுப்பு உயரம். நெஞ்சு உயரம். ஊரைச் சுற்றி, வட்டமாக, ஒரு வெட்டு. அந்த வெட்டுக்கு அடியிலிருந்து, மார்கழியானாலும் சித்திரையானாலும், ஈரச் சேறும் பழைய இரும்பும் கலந்த வாடையோடு ஒரு குளிர் காற்று வந்தது. ஆடுகள் அந்தப் பக்கம் மேயப் போகவில்லை. தள்ளிக்கொண்டு போனால் காலை ஊன்றி அடம்பிடித்தன. நாய்கள் அந்த ஓரத்தில் நின்று கீழே பார்த்துக் குரைத்துவிட்டு, யாரோ பதில் சொன்ன மாதிரி வாலை இடுக்கிக்கொண்டு ஓடிவந்தன.

ஊர் அதற்கும் பழகிற்று. எல்லாரும் கிணற்றுக் கயிற்றில் ஒரு முழம் இரண்டு முழம் என்று முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டார்கள். யாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஆட்டம் வந்தது. பிடிமானம் குறையக் குறைய எந்த நட்டும் ஆடத்தானே செய்யும்? நெடுஞ்சாலையில் ஒரு மணல் லாரி போனால் ஊர் முழுக்கப் பாத்திரங்கள் கலகலத்தன. அலமாரிக்கு அடியில் அட்டை மடித்து வைத்தார்கள். தொட்டில்கள் தானாக ஆடின, "ஆட்ட ஆள் வேண்டாம், பாத்தியா," என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அருள்கனி மட்டும் பாயில் படுத்தபடி, முதுகுக்குக் கீழே தரை மெள்ளச் சாய்வதையும் திரும்பி வருவதையும் எண்ணிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் பிளசி தூங்குவாள். அவள் மேல் ஒரு கையைப் போட்டுக்கொள்வாள். பகலில்தான் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். காலை ஒன்பது மணிக்கு மகள் சரிவில் இறங்கி நெடுஞ்சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்விட்டால், நாலு மணி வரை மகள் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். அந்நேரம் ஊர் கழன்றால்? கழன்று எங்கே போகும், மேலேயா, கடலுக்கா, கவிழுமா, அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மகள் அங்கே நிற்க, நான் இங்கேயிருந்து பார்த்துக்கொண்டே போவேன் என்பது மட்டும் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

நட்டுக்குள் எட்டு மரை. முதல் நாள் ஒன்று போயிற்று, ஆறு மாதத்தில் ஆறு போயிற்று. ஏழாம் மாதம் முதல் சனிக்கிழமை கால் சுற்றுத் திருப்பி, தெக்குத் தெரு கடலைப் பார்த்தது. மிச்சம் முக்கால் மரை. கடைசி மரை ஒருநாளும் முழுசாகப் பிடிக்காது, அதன் வாய் தேய்ந்திருக்கும், பாதிக்கு வரும்போதே நட்டு பொலபொலவென்று கையில் விழுந்துவிடும். அடுத்த கால் சுற்றுதான் கடைசி. அருள்கனி நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, இனிமே திருப்பக் கூடாது. ஊரு கழண்டுரும்."

"என்னம்மா சொல்லுத? ஏழு மாசமா திருப்பியாச்சு, ஒரு சுவராச்சும் கீறியிருக்கா?"

"திசையப் பாக்கீயளே ஒழிய ஒசரத்தப் பாக்க மாட்டேங்கீயளே. கெணத்தப் பாருங்க."

"கோட வந்தா கெணத்துல தண்ணி எறங்கத்தான் செய்யும்," என்றார் அண்ணாச்சி. அங்கே நின்ற ஒருத்தன், "அருளக்காவுக்குத்தான் மரை கழண்டுட்டு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. மேலத்தெரு ஜனம் முழுக்கப் பட்டறை வாசலில் நின்றது, அவர்கள் முறை அல்லவா. மாரித்தங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். மூன்று வாரப் புழுதி, பிள்ளையின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. ஜெயசிங் பைப்பைச் சொருகினான். அருள்கனி பெல்ட்டைச் சுற்றினாள், காலை முட்டுக் கொடுத்தாள், முகத்தைச் சுளித்தாள். அவன் இழுத்தான். அவள் விரலை மட்டும், யாருக்கும் தெரியாமல், ஒரு நூல் தளர்த்தினாள். நட்டும் தண்டும் சேர்ந்து சொகுசாகச் சுற்றின. ஊர் அசையவில்லை. பத்துத் தடவை இழுத்தான், பத்துத் தடவையும் அப்படித்தான்.

கூட்டத்தில் சலசலப்பு. "இந்த வாரம் கடக்காத்து யாரு வீட்டுல அடிக்கி? தெக்குத் தெருவுலல்லா? பின்ன எப்படித் திரும்பும்!" என்று ஒரு குரல் வந்தது. மாரித்தங்கம் அருள்கனியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

சாப்பிடும்போது ஜெயசிங் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நீ விட்டுட்ட."

"ஆமா, விட்டுட்டேன்."

"நான் தொட்ட நட்டு ஒண்ணு கழலாம நின்னதுன்னு இந்தச் சீமையில எவனாவது சொல்லியிருக்கானா? ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே."

"முக்கா மரைதாங்க மிச்சம் இருக்கு."

"இருந்துட்டுப் போவுது. கழண்டா என்ன ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதாங்க பயமாருக்கு."

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிற அப்பாஸ், கம்ப்ரஸரை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி வந்தான். அண்ணாச்சி ஏற்பாடு. லாரிச் சக்கரத்து நட்டையெல்லாம் கழற்றுகிற கன் அவன் கையில் இருந்தது. காற்றை அடைத்து விசையை அமுக்கினால் டர்ர்ரென்று இடித்து இடித்துச் சுற்றும், கண்ணிமைக்கிற நேரத்தில் நட்டு வெளியே வந்துவிடும். அதற்குப் புல்லியைப் பிடிக்க ஆளே வேண்டாம். அதைப் பார்த்ததும் அருள்கனி பெஞ்சுக்குக் குறுக்கே போய் நின்றாள். இதுவரைக்கும் அவள் பிடியில் ஊர் இருந்தது. இனி அவள் பிடித்தால் என்ன, விட்டால் என்ன?

"அண்ணாச்சி, கால் சுத்துல இது நிக்காது! ஒரே அடியில நட்டு வெளிய வந்துரும்! அப்பாஸண்ணே, நீங்களாவது சொல்லுங்க, இது நிக்குமா?"

"விசைய டக்குன்னு விட்டுருவேன் தங்கச்சி," என்றான் அப்பாஸ். ஆனால் அவன் முகத்திலும் களை இல்லை; கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் தரை ஆடிய ஆட்டம் அவன் காலுக்கும் தெரிந்திருக்கும். சுவரில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பெஞ்சில் பூட்டிய வைஸ் என்கிற இடுக்கியில் கவ்வியிருந்த ஆல்டர்னேட்டர் நடுங்கிற்று.

"எக்கா," என்றாள் மாரித்தங்கம், "புள்ள ரெண்டு நாளா பால் குடிக்கல. வழிய விடு எக்கா." பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அருள்கனி அதைப் பார்த்தாள். அவள் புருஷனைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில், வெட்கத்தை விட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க. நீங்க தொட்டுப் பாருங்க. ஒரு தடவ தொட்டுப் பாருங்க, போதும்."

ஜெயசிங் வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தான். சுண்டுவிரலை நட்டின் வாய்க்குள் விட்டு, நகத்தால் தண்டின் நுனியைத் தேடினான். ஏழு மாதமாக இழுக்கிற மும்முரத்தில் அவன் அளந்தே பார்க்கவில்லை. நகம் வெறும் மரைகளில் இடறிக்கொண்டே போய், அடிவாயில்தான் தண்டைத் தொட்டது. அவன் இன்னொரு தடவை விட்டுப் பார்த்தான். அப்புறம் உள்ளங்கையை வைஸின் மேல் வைத்தான், அது அவன் கைக்கு அடியில், குளிரில் நடுங்குகிற ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பள்ளிக்கூட மணிச் சத்தம் வந்தது, இடைவேளை மணி.

"பிளசி எங்க?"

"பள்ளிக்கூடத்துலதான், வேற எங்க?"

அவன் நிமிர்ந்தான். "அப்பாஸு, சித்த பொறு," என்றான். "ஏழு மாசமா நான் மல்லுக்கட்டுன நட்டு. கடைசியா ஒருக்கா கையால பாத்துருதேன். இல்லன்னா நீ அடி."

அண்ணாச்சி தலையாட்டினார். ஜெயசிங் பின்னால் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினான். "இருபத்திநாலு எடு."

அருள்கனிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நட்டு இருபத்திரண்டு. இருபத்திநாலாம் நம்பர் ஸ்பேனர் அதில் தொளதொளவென்று நிற்கும், பலங்கொண்டு இழுத்தால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டுபோகும், அப்புறம் எந்த ஸ்பேனருக்கும் எந்த கன்னுக்கும் அது பிடி கொடுக்காது. ஒரு நட்டை உருட்டிவிட்டான் என்பதைவிடக் கேவலமான பேச்சு ஒரு மெக்கானிக்குக் கிடையாது. பெண்டாட்டியை அடிக்கிறவனைக்கூட மன்னிக்கிற பட்டறைக்காரர்கள், நட்டை உருட்டினவனிடம் வண்டியை விடமாட்டார்கள். தெரியாமல் கேட்கிறானா? அவன் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரிலிருந்து இருபத்திநாலை எடுத்து, நம்பர் யார் கண்ணிலும் படாமல் உள்ளங்கையில் மறைத்து அவன் கையில் வைத்தாள். பெல்ட்டைச் சுற்றினாள். இந்தத் தடவை பதிமூன்று வருஷத்தில் பிடிக்காத பிடி பிடித்தாள், தண்டு சேர்ந்து சுற்றிவிட்டால் முனை மழுங்காதே.

அவன் முடுக்குகிற பக்கமாகத்தான் இழுத்தான், தப்பித்தவறி நட்டு அசைந்தாலும் ஊர் கீழே இறங்கத்தானே செய்யும். அது யாருக்குத் தெரிந்தது? பைப்பைப் போட்டு, முழுப் பாரத்தையும் போட்டு, ஒரு இழுப்பு. கரக்கென்று முனை சிதறிற்று. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. ஸ்பேனர் வழுக்கி அவன் கைமுட்டி புல்லியில் மோதி ரத்தம் வந்தது, அவன் நிறுத்தவில்லை. ஆறு முனையும் போய் நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிற வரைக்கும் இழுத்துவிட்டு, ஸ்பேனரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உருண்டுட்டு," என்றான்.

அப்பாஸ் கன்னை வைத்து அமுக்கிப் பார்த்தான். அது கிர்ர்ரென்று வெறுமனே சுற்றிற்று. ஒரு நம்பர் குறைத்து மாட்டிப் பார்த்தான், அதுவும் சுற்றிற்று. மூன்று தடவை பார்த்துவிட்டு அவன் கம்ப்ரஸரை நிறுத்தியபோது, ஜெயசிங்கை ஒரு பார்வை பார்த்தான்; தொழில் தெரிந்தவன், புரிந்திருக்கும். குழாயைச் சுருட்டினான்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "சிங்கு நட்ட உருட்டிட்டாம்ல!" என்று தெருவில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். "பெரிய மெக்கானிக்கு! த்தூ!" என்றார் அண்ணாச்சி. ஜெயசிங் கைமுட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அருள்கனி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இனி எவனாலயும் கழத்த முடியாதுல்லா?" என்று காதோடு கேட்டாள்.

"முடியாது."

"முடுக்க?"

அவன் உருண்ட நட்டைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினான். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. முக்கால் மரையில், இந்த ஆட்டத்தோடு, ஏற்றவும் வழியில்லாமல் இறக்கவும் வழியில்லாமல், இனி எந்நாளும் இப்படியே.

மாரித்தங்கம் பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினாள். "புள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து இருட்டீ," என்று அருள்கனி அவள் பின்னாலேயே போனாள், "பின்கட்டு சும்மாதான கெடக்கு, காத்து இனி இங்கதான் அடிக்கும், வந்து இரு."

"உன் காத்து எனக்கு வேண்டாம் எக்கா. நீயே வச்சுக்க," என்று மாரித்தங்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அப்போது சரிவில் பிளசி ஓடிவந்தாள். இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்திருக்கிறாள் பிள்ளை, பட்டறை வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ என்று பயந்து, செருப்பு படபடக்க, இரட்டைச் சடை முதுகில் அடிக்க, "யம்மா! யம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கால் ஒவ்வொரு தடவை தரையில் விழும்போதும் பட்டறைச் சுவரில் ஸ்பேனர்கள் கிணுங்கின. தெருக் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. ஊரின் ஓரத்திலிருந்து, அந்த வெட்டுக்கு அடியிலிருந்து, இரும்பும் இரும்பும் உரசுகிற ஒரு நீளமான சத்தம் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"ஓடாதட்டீ!" என்று அருள்கனி அலறினாள். "மெதுவா வா! மெதுவா மிதிட்டீ, என் ராசாத்தி, மெதுவா மிதி!"

பிளசி நின்றாள். தெரு முழுக்கச் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். பிளசி குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில், ஒவ்வொரு அடியாக, அம்மாவைப் பார்த்தபடி நடந்து வந்தாள். நடுத்தெருவில், இடுப்பில் பிள்ளையோடு, ஒரு காலைத் தூக்கியபடி நின்ற மாரித்தங்கம், கீழே பார்த்தாள். தூக்கிய காலை மெள்ள, மிக மெள்ளத் தரையில் வைத்தாள்.